பம்பருக்கு ஆசிட் வேண்டாம், இரும்பு தேய்க்கிறவருக்கு கூலி குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

உங்க பேப்பர்ல வாசகர் குறிப்பு பகுதில ஒருத்தர் எழுதியிருந்தார், பழைய கார் பம்பர்ல துரு புள்ளி வந்துட்டா பாத்ரூம் கழுவுற ஆசிட்ட துணில நனைச்சு தேய்ங்க, ரெண்டே நிமிஷத்துல புதுசு மாதிரி பளிச்சுன்னு ஆயிடும்னு. நல்ல எண்ணத்துல தான் எழுதியிருப்பார், நாலு பேருக்கு உதவட்டும்னு தான் சொல்லியிருப்பார். ஆனா அத படிச்சுட்டு இங்க குன்னூர்லயே என்கிட்ட வந்து ஆசிட் எந்த கம்பெனி நல்லதுன்னு கேக்குறாங்க, அதனால தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். நான் குன்னூர் பக்கம் டிங்கரிங் பெயிண்டிங் ஷெட் வெச்சிருக்கேன், என் ஷெட்டுக்கு வர்றதுல பாதி பழைய வண்டி தான், அம்பாசிடர், பத்மினி, எஸ்டேட் ஜீப், எப்பவாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இந்த பம்பர் விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம்ங்க.

மொதல்ல அந்த ஆசிட். அதுல இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். முலாம் பூசுற பிளேட்டிங் பட்டறைல, பம்பர் மேல இருக்கிற பழைய குரோம் முலாம கழட்டணும்னா அவங்க முக்குறதே இந்த ஆசிட்ல தான், இல்லன்னா காஸ்டிக் சோடா தொட்டில கரண்ட திருப்பி விட்டு கழட்டுவாங்க. அப்போ குரோம கழட்டுறதுக்கு வெச்சிருக்கிற சரக்க எடுத்து குரோம காப்பாத்த தேய்ச்சா என்ன ஆகும்? துரு கரையும், அதோட குரோமும் சேந்து கரையும். ரெண்டு நிமிஷம் பளிச்சுன்னு தெரியறது நெஜம் தான், ஏன்னா துரு போயிடுச்சு, ஆனா ஒரு வாரம் கழிச்சு பாருங்க, அந்த இடம் லேசா மஞ்சள் அடிக்கும், அது குரோம் இல்ல, அடில இருக்கிற நிக்கல் வெளிய தெரியுது. ஆசிட்ல இருந்த குளோரைடு கண்ணுக்கு தெரியாத ஓட்டைக்குள்ள போய் உக்காந்துக்கும், நம்ம ஊர் பனில அது ஈரத்த பிடிச்சு வெச்சுக்கிட்டு முன்னாடி ஒரு புள்ளி இருந்த இடத்துல பத்து புள்ளி கொண்டாந்து விடும்.

குரோம் எவ்ளோ மெல்லிசுன்னு நிறைய பேருக்கு தெரியறதில்ல. ஒரு மில்லிமீட்டர ஆயிரமா பிரிச்சா ஒரு பங்கு ஒரு மைக்ரான். அழகுக்கு போடுற குரோம் அந்த ஒரு மைக்ரான்ல கால் பாகம், மிஞ்சிப்போனா பாதி, அவ்ளோ தான். அதுக்கு அடில நிக்கல் இருக்கும், அது 15 மைக்ரான், 20, நல்ல வேலைன்னா 30 வரைக்கும் போகும். அதுக்கும் அடில காப்பர். துரு வராம தடுக்கிறது நிஜமா அந்த நிக்கல் தான், குரோம் மேல உக்காந்து நீல சாயலா மின்னும், கீறல் விழாம பாத்துக்கும், நிக்கல் மங்காம பாத்துக்கும். குரோம் படலத்துல பொறந்ததுல இருந்தே கண்ணுக்கு தெரியாத வெடிப்பும் துளையும் இருக்கும். நிக்கல் மெல்லிசா போட்ட பம்பர்ல அந்த துளை வழியா தண்ணி இரும்பு வரைக்கும் போயிடும், நாம மேல பாக்குற அந்த குண்டூசி முனை அளவு துரு புள்ளிக்கு கீழ ஒரு குழியே இருக்கும்.

அப்போ மேல துரு புள்ளி வந்துட்டா என்ன பண்றது? குரோம் உரியாம வெறும் புள்ளியா மட்டும் இருந்தா சமையல்கட்டுல இருக்கிற அலுமினிய ஃபாயில கசக்கி, தண்ணில நனைச்சு, மெதுவா தேய்ங்க. அலுமினியத்த விட குரோம் ரொம்ப கடினம், அதனால குரோம்ல கீறல் விழாது, துரு மட்டும் வந்துடும். கருப்பா ஒரு சேறு வரும், பயப்படாதீங்க, துணில துடைச்சுட்டு நல்லா காய வெச்சு மெழுகு பாலிஷ் போடுங்க, அந்த துளைக்குள்ள மெழுகு போய் அடைச்சுக்கும். மழைக்காலத்துல மாசம் ஒரு தடவ மெழுகு போட்டா போதும். இத ஸ்கூல் போற பையன் கூட செய்யலாம், காசும் செலவில்ல.

குரோம் செதில் செதிலா உரிஞ்சிருக்கு, கைய வெச்சா நகத்துல மாட்டுது, இல்ல எங்கயோ இடிச்சு நசுங்கியிருக்குன்னா அது வேற கதை. அங்க ஃபாயிலும் வேலைக்கு ஆகாது மெழுகும் ஆகாது, பம்பர கழட்டி முழுசா வேலை செஞ்சு மறுபடி பிளேட்டிங் போடணும். நான் முக்கியமா சொல்ல வந்தது இங்க தான் இருக்கு.

எல்லாரும் குரோம் எங்க நல்லா போடுறாங்கன்னு தான் கேக்குறாங்க, இரும்ப எங்க நல்லா தேய்க்கிறாங்கன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. பம்பரோட அழகு முழுக்க அந்த தேய்ப்புல தான் இருக்கு. குரோம் எதையும் மறைக்காது, எந்த பள்ளத்தையும் நிரப்பாது, இரும்புல ஒரு கீறல் இருந்தா அத கூடுதலா எடுத்து காட்டும். பெயிண்ட் வேலைல பட்டி (பள்ளத்த அடைக்கிற பசை) போட்டு சமாளிக்கலாம், பிளேட்டிங்ல பட்டிக்கு இடமே இல்ல, ஏன்னா பட்டில கரண்ட் ஓடாது, கரண்ட் ஓடாத இடத்துல முலாம் பிடிக்காது. அதனால நசுங்கினத பின்பக்கம் டாலிங்கிற இரும்பு கட்டைய அண்ட வெச்சு, முன்பக்கம் சுத்தியலால கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, இரும்ப இரும்பாவே பழைய உருவத்துக்கு கொண்டு வந்து ஆகணும். பம்பர் தகடு பாடி தகட்ட விட தடிமன், அவசரப்பட்டு ஓங்கி அடிச்சா அடிச்ச இடம் நேராகும், பக்கத்துல ஒரு மேடு கிளம்பும். கேஸ் வெச்சு செவக்க காய்ச்சி அடிக்கிறவங்க இருக்காங்க, அது தகட்ட இழுத்து நீட்டிடும், அப்புறம் என்ன பண்ணாலும் அந்த இடம் ஒழுங்கா வராது. மரக்கட்டைய அண்டக் குடுத்து பொறுமையா அழுத்தி அழுத்தி எடுக்கிறது தான் நல்ல வழி.

நேரானதுக்கு அப்புறம் தேய்ப்பு. பழைய குரோமும் நிக்கலும் தொட்டில கழண்டு வெறும் இரும்பா வந்ததும் தான் நோய் தெரியும், குரோம் மேல ஒரு புள்ளி இருந்த இடத்துல அடில கடுகு அளவு குழி இருக்கும். 80 நம்பர் எமரி தாள்ல (உப்புத்தாள்) ஆரம்பிச்சு 120, 180, 240, 320, 400ன்னு ஏறணும், நம்பர் ஏற ஏற தாள் நைசாகும். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கிற திசைய மாத்தணும், 80ல நீளவாக்குல தேய்ச்சா 120ல குறுக்குவாக்குல, அப்போ தான் முந்தின நம்பரோட கீறல் இன்னும் மிச்சம் இருக்கான்னு கண்ணுக்கு தெரியும், அந்த கீறல் முழுசா போகாம அடுத்த நம்பருக்கு போகக்கூடாது. நம்பர தாண்டி குதிக்கிறவங்க, 80ல தேய்ச்சுட்டு நேரா பஃப்ல (பாலிஷ் போடுற துணி சக்கரம்) போடுறவங்க, எல்லாரும் பட்டறைல வெளிச்சத்துல காட்டி அனுப்பிடுவாங்க, வெயில்ல கொண்டு போய் நிறுத்தும்போது தான் உள்ள கோடு கோடா தெரியும், அப்போ மேல நிக்கலும் குரோமும் போட்டாச்சு, திரும்ப கழட்டாம ஒண்ணும் பண்ண முடியாது.

மேடு பள்ளம் பாக்குறதுக்கு ஒரு வழி இருக்கு, வீட்லயே செய்யலாம். தேய்ச்ச இரும்பு மேல கருப்பு பெயிண்ட தூரத்துல இருந்து லேசா தூவுற மாதிரி அடிங்க, காஞ்சதும் நேரான கட்டைல பேப்பர சுத்தி தேய்ங்க. மேடான இடம் வெளுத்துடும், பள்ளத்துல கருப்பு அப்படியே நிக்கும். வெறும் கைல பேப்பர பிடிச்சு தேய்ச்சா விரல் பள்ளத்துக்குள்ளயும் போயிடும், பள்ளம் பள்ளமாவே பளபளக்கும். பம்பர் முகம் வளைவா இருக்கிற இடத்துல மட்டும் கட்டைக்கு பதிலா கொஞ்சம் வளையிற ரப்பர் துண்டு வெச்சுக்கலாம்.

குழி ஆழமா இருந்தா இரும்ப தேய்ச்சே சமமாக்குறேன்னு போகக்கூடாது, தகடு மெல்லிசாயிடும், போல்ட் ஓட்டைய சுத்தி முனை மழுங்கிடும், ஃபேக்டரில அச்சுல எடுத்த அந்த கோடு அழிஞ்சு போயிடும். காப்பர தடிமனா போட்டு, மறுபடி தேய்ச்சு, இன்னும் பள்ளம் தெரிஞ்சா மறுபடி காப்பர் போட்டு, மறுபடி தேய்ச்சு, இப்படி தான் குழிய நிரப்பணும். காப்பர் மெத்துன்னு இருக்கும், நல்லா அறுபடும், பஃப்ல கண்ணாடி மாதிரி வரும். இரும்பு மேல நேரா ஆசிட் காப்பர் தொட்டில (ஆசிட் கலந்த காப்பர் கரைசல்) போட்டா பிடிமானம் இருக்காது, அதுக்கு முன்னாடி வேற தொட்டில மெல்லிசா ஒரு படலம் போட்டுட்டு தான் தடிமன் காப்பருக்கு போகணும். ஓட்டையே விழுந்த இடத்துக்கு வெல்டிங், சின்ன ஊசி ஓட்டைன்னா பித்தளைய உருக்கி அடைக்கிற பிரேசிங். இதெல்லாம் நேரம் பிடிக்கிற வேலை, ஒரு நாள்ல முடியாது.

கோத்தகிரில இருந்து ஒருத்தர் அம்பாசிடர் முன் பம்பர கீழ சமவெளில ஒரு பட்டறைல குடுத்து வாங்கிட்டு வந்தார், பட்டறை பேரு வேண்டாம். பம்பர் எடுத்துட்டு வந்து என் ஷெட்ல வெச்சு, "அண்ணே, குரோம் ஜம்முன்னு இருக்கு, ஆனா வண்டில மாட்டினா மனசுக்கு ஒப்பல, என்னன்னு சொல்ல தெரியல"ன்னார். நான் பம்பர டியூப் லைட்டுக்கு கீழ பிடிச்சு மெதுவா சாய்ச்சு காட்டினேன். லைட்டோட கோடு ஒரு முனைல இருந்து இன்னொரு முனைக்கு நேரா ஓடணும், அது நெளிஞ்சு நெளிஞ்சு ஓடுது, நடுவுல ஒரு இடத்துல ரெண்டா பிரிஞ்சு சேருது. "குரோம்ல ஒரு குறையும் இல்லீங்க, அடில இரும்ப கிரைண்டர்ல அலை அலையா இழுத்து விட்டிருக்காங்க"ன்னேன். பழைய குரோம தொட்டில கழட்டாம கிரைண்டர்ல பிளாப் டிஸ்க்க (எமரி தாள் அடுக்கின சக்கரம்) போட்டு ஒரே மூச்சுல வழிச்சிருக்காங்க. அவர் முகம் வாடிப் போச்சு, அது அவங்க அப்பா ஓட்டின வண்டி. பட்டறைக்காரர கேட்டதுக்கு நீங்க பேசின கூலிக்கு இவ்ளோ தான் வரும்னு சொல்லியிருக்கார். கோத்தகிரிக்காரர் பேரம் பேசல, கேட்டத குடுத்திருக்கார், தேய்ப்புக்கு தனியா கேக்கணும்னு அவருக்கு யாரும் சொல்லல, அதான் விஷயம்.

அதனால வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு சொல்றேன், பம்பர் குடுக்கும்போது மொத்தமா ஒரு ரேட் பேசாதீங்க. தேய்ப்புக்கு எவ்ளோ, காப்பர் எத்தன தடவ போடுவீங்க, நிக்கல் எத்தன மைக்ரான், தனித்தனியா கேளுங்க. என் கணக்குல மொத்த கூலில பாதிக்கு மேல தேய்க்கிறவருக்கு போனா தான் அது நேர்மையான வேலை. நடுவுல ஒரு தடவ, காப்பர் போட்டு தேய்ச்சு முடிச்சதும், நிக்கலுக்கு போறதுக்கு முன்னாடி நேர்ல போய் பாருங்க, டியூப் லைட்டுக்கு கீழ சாய்ச்சு பாருங்க, அங்க குறை இருந்தா அங்கயே திருத்தலாம். இன்னொண்ணு, இரும்பா இருக்கும்போதே பம்பர வண்டில ஒரு தடவ மாட்டி பாத்துடுங்க. பிராக்கெட் ஓட்டை உக்காருதா, ரெண்டு பக்கமும் பாடில இருந்து ஒரே இடைவெளி இருக்கான்னு பாக்கணும். குரோம் போட்டதுக்கு அப்புறம் சேரலன்னு வளைச்சா நிக்கலோட சேந்து வெடிச்சிடும்.

மலைல இருக்கிறவங்களுக்கு மட்டும் சில விஷயம் இருக்கு. மெட்ராஸ்காரங்களுக்கு கடல் உப்பு காத்து, நமக்கு அது இல்ல, அந்த வகைல கொடுத்து வெச்சவங்க நாம. ஆனா ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர் உயரம், ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல இன்னொரு மழை, ரெண்டுக்கும் நடுவுல மூடுபனி, டிசம்பர் ஜனவரில ஊட்டி பக்கம் உறைபனி. தகர ஷெட்டுக்குள்ள வண்டி பத்திரமா இருக்குன்னு நெனைக்கிறோம், ராத்திரி குளிர்ல தகரத்தோட உள்பக்கம் வேர்த்து சொட்டு சொட்டா விழுகுறத காலைல போய் பாருங்க. அதுல பிளாஸ்டிக் தார்பாய வேற இறுக்கி மூடி வெச்சா உள்ள ஈரம் வெளிய போகவே வழி இல்ல. பருத்தி துணி கவர் போடுங்க, வாரத்துக்கு ஒரு நாள் வெயில் அடிக்கும்போது வெளிய எடுத்து நிறுத்துங்க.

எஸ்டேட் வண்டிங்களுக்கு இன்னொரு எதிரி உரம். தேயிலைக்கு போடுற பொட்டாஷ், அது பொட்டாசியம் குளோரைடு, சொல்லப்போனா அதுவும் ஒரு உப்பு தான். டிக்கில, ஜீப் பின்னாடி மூட்டை ஏத்தி இறக்கும்போது சிந்துற தூள் பின் பம்பரோட உள்பக்கம் போய் தங்கும், பனி ஈரம் பட்டதும் கடலோரத்துல நடக்கிற அதே வேலைய இங்க பண்ணும். முன் பம்பர் நல்லா இருந்து பின் பம்பர் மட்டும் அரிச்சு போன எஸ்டேட் வண்டிங்க என் ஷெட்டுக்கு நிறைய வந்திருக்கு. உரம் ஏத்தின அன்னிக்கே பைப்ப வெச்சு பம்பர் உள்பக்கம் நல்லா கழுவி விடுங்க, அத டிரைவர் தம்பிங்களுக்கு சொல்லி வையுங்க.

உள்பக்கம்னதும் ஞாபகம் வருது. பிளேட்டிங் தொட்டில கரண்ட் மேட்டுலயும் முனைலயும் அதிகமா பாயும், குழிவான இடத்துல கம்மியா தான் போகும், அதனால பம்பர் பின்பக்கத்துல நிக்கலும் குரோமும் பேருக்கு தான் இருக்கும். துரு பெரும்பாலும் அங்க ஆரம்பிச்சு ஓரம் வழியா முன்னாடி எட்டி பாக்கும். குரோம் போட்டு வந்த அன்னிக்கே, வண்டில மாட்டுறதுக்கு முன்னாடி, பின்பக்கம் எண்ணெய் பிசுக்கு இல்லாம துடைச்சு, பேப்பர்ல லேசா சொரசொரப்பாக்கி எபாக்சி பிரைமர் (துரு தடுக்கிற அடிப்பூச்சு) அடிச்சு மேல அலுமினிய பெயிண்ட் அடிங்க. பிராக்கெட் உக்காருற இடத்துலயும் போல்ட் அடிலயும் கிரீஸ் தடவுங்க. சீசன் நேரத்துல பழைய வண்டி கண்காட்சி வெச்சு பரிசு குடுக்கிற பெரியவங்களுக்கும் ஒரு வேண்டுகோள், முன்னாடி நின்னு பளபளப்ப மட்டும் பாக்காம, கொஞ்சம் குனிஞ்சு பம்பர் அடில கைய விட்டு பாருங்க, உழைச்சவன் யாருன்னு அங்க தெரியும்.

தேய்ப்பு வேலை பாக்குற தம்பிங்களுக்கும் ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல வெறும் இரும்ப தேய்ச்சு வெச்சுட்டு ராத்திரி வீட்டுக்கு போனா காலைல மஞ்சளா துரு பூத்து நிக்கும். அன்னன்னிக்கு தேய்ச்சத அன்னிக்கே மெஷின் ஆயில் தடவி காகிதத்துல சுத்தி வையுங்க, கீழ அனுப்பும்போதும் அப்படியே, மேல பழைய சாக்கு சுத்தி அனுப்புங்க.

குரோமுக்கு செலவு பண்ண முடியாதவங்க, ஜீப் மாதிரி பெயிண்ட் பம்பர் வெச்சிருக்கிறவங்க, பெயிண்ட்டே அடிக்கலாம், அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. ஆனா குரோம் மேல நேரா பெயிண்ட் அடிக்காதீங்க, அது பிடிக்காது, ஒரு மழைக்காலம் போனா தாள் தாளா உரியும். குரோம கழட்டிட்டு, இரும்ப தேய்ச்சு, எபாக்சி பிரைமர், தேவைப்பட்ட இடத்துல மட்டும் மெல்லிசா பட்டி, சர்ஃபேசர் (மேல்பரப்ப சமமாக்குற பூச்சு), அப்புறம் பெயிண்ட். காலைல பனி விலகி வெயில் வந்ததுக்கு அப்புறம் ஆரம்பிச்சு, மூணு மணிக்குள்ள முடிச்சிடணும். ஈரக்காத்துல என்.சி. பெயிண்ட் (தின்னர் ஆவியாகி சீக்கிரம் காயிற வகை) அடிச்சா வெள்ளையா பூத்து மங்கிடும், டூ-கே பெயிண்ட்ல (ரெண்டு சரக்கு கலந்து அடிக்கிற வகை) இறுக வைக்கிற ஹார்டனர் குளிர்ல மெதுவா தான் வேலை செய்யும், 15 டிகிரிக்கு கீழ போயிட்டா மறுநாளும் பிசுபிசுன்னு இருக்கும். ஹாலோஜன் லைட்ட தள்ளி வெச்சு சூடு காட்டினா நல்லா இறுகும். சில பேர் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பம்பர் செஞ்சு மாட்டிக்கிறாங்க, செய்யறதா இருந்தா 304ங்கிற ரகம் கேட்டு வாங்குங்க, 202 ரகத்துல நிக்கல் கம்மி, நம்ம பனிக்கு அது புள்ளி புள்ளியா துரு விடும்.

பாரம்பரிய வண்டி பதிவு பத்தியும் பயம் இருக்கு, பம்பர மாத்தி குரோம் போட்டா பதிவு கிடைக்காதுன்னு யாரோ கிளப்பி விட்டிருக்காங்க. 2021ல மத்திய அரசு போட்ட விதி, 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டி பழைய உருவத்துல இருக்கணும், சேசிஸ், பாடி ஷெல், இஞ்சின்ல மாத்தம் பண்ணியிருக்கக்கூடாதுன்னு சொல்லுது. பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷத்துக்கு செல்லும், நம்பர்ல வி.ஏ.ன்னு வரும், ஆனா அந்த வண்டிய தினமும் ஓட்டக்கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு மட்டும் தான். இருக்கிற பம்பர சீர் பண்ணி அதே மாதிரி முலாம் போடுறது பழைய உருவத்த காப்பாத்துற வேலை, அதுக்கு பயந்துக்கிட்டு துருவோட விட வேண்டியதில்ல. பழசையே சீர் பண்ணுங்கன்னு நான் சொல்றதுக்கு காரணம், அம்பாசிடர் தயாரிப்பு மேற்கு வங்காளத்து உத்தர்பாரா ஃபேக்டரில 2014ல நின்னு போச்சு, பத்மினி அதுக்கு ரொம்ப முன்னாடியே போச்சு, இப்போ கடைல புதுசுன்னு கிடைக்கிற பம்பர் பழைய தகட்டு கனத்துக்கு கிட்ட கூட வராது. ஹெரால்டு நம்ம மெட்ராஸ்ல 1961ல இருந்து செஞ்ச வண்டி, கொண்டை ஊசி வளைவுல அது திரும்புற அழகே தனி, 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பிடும், அதுக்கு பம்பர் தேடி அலையறவங்க கஷ்டம் எனக்கு தெரியும்.

இன்னொரு விஷயமும் சொல்லியே ஆகணும். குரோம் தொட்டில இருக்கிறது குரோமிக் ஆசிட், அதுல இருக்கிற ஆறாம் வகை குரோமியம் நுரையீரல் புற்றுநோய் வர வைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே உறுதியா சொல்லியிருக்கு. ராணிப்பேட்டைல குரோமியம் கழிவு லட்சக்கணக்கான டன் குவிஞ்சு கிடந்து நிலத்தடி தண்ணிய கெடுத்தது நம்ம எல்லாருக்கும் தெரியும். அதனால மலைலயே பிளேட்டிங் தொட்டி வைக்கணும்னு நான் கேக்கல, வைக்கவே கூடாது. இங்க கால்வாய்ல ஊத்துறது குன்னூர் ஆத்துல இறங்கி கீழ பவானி வரைக்கும் போகும், அந்த தண்ணிய குடிக்கிற ஜனங்க எத்தன பேர். வீட்டு பின்னாடி சின்ன டப்பால பிளேட்டிங் பண்றேன்னு கிட் வாங்குற பசங்களுக்கும் இத தான் சொல்றேன், அந்த தண்ணிய எங்க கொட்டுவீங்க? ஒழுங்கான பட்டறைல ஆறாம் வகைய மூணாம் வகையா மாத்தி, சுண்ணாம்பு போட்டு அடில படிய வெச்சு, அந்த சேத்த தனியா பிரிச்சு எடுத்து குடுப்பாங்க, அதுக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருக்கும். கோயம்புத்தூர் பக்கம் பம்பர் குடுக்கிறவங்க அந்த அனுமதி இருக்கான்னு கேட்டுட்டு குடுங்க, நாலு பேர் கேட்டா தான் அவங்களும் ஒழுங்கா இருப்பாங்க.

ஆனா தேய்ப்பு வேலைய இங்கயே பண்ணலாம். டென்ட் எடுக்கிறது, இரும்ப சமமாக்குறது, வண்டில மாட்டி பாக்குறது, இதெல்லாம் நம்ம மலைலயே நம்ம பசங்க கைல முடிச்சு, தொட்டி வேலைக்கு மட்டும் கீழ அனுப்பலாம். அப்படி பண்ணா கூலில பெரும்பங்கு இங்கயே தங்கும், வண்டிக்காரருக்கும் கண் முன்னாடி வேலை நடக்கும். கஷ்டம் என்னன்னா சுத்தியலும் டாலியும் பிடிக்க தெரிஞ்சவங்க இங்க வயசாகி போயிட்டாங்க, கண்ணு மங்கிட்டாங்க, புது பசங்க பார்ட்ட கழட்டி புதுசு மாட்ட தான் கத்துக்கிறாங்க, ஏன்னா இப்போ வர்ற வண்டில பம்பரே பிளாஸ்டிக். அவங்கள தப்பு சொல்ல முடியாது, கத்துக்குடுக்க ஆள் இல்ல, கத்துக்கிட்டாலும் கூலி குடுக்க மனசில்ல.

நம்ம மாவட்டத்து ஐடிஐல வெல்டிங், மோட்டார் மெக்கானிக் பிரிவு பசங்களுக்கு இந்த தகடு நேராக்குறது, தேய்ப்பு, பஃபிங் இத ஒரு மூணு மாச தனி வகுப்பா வெச்சா நல்லா இருக்கும், இங்க இருக்கிற மூத்த டிங்கர்கள வாரம் ஒரு நாள் கூப்பிட்டு மரியாதையா ஒரு சம்பளம் குடுத்து சொல்லிக்குடுக்க சொல்லலாம். கூப்பிட்டா நான் வருவேன், என்ன மாதிரி இன்னும் சில பேர் வருவாங்க. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கிறதுக்கு ரெடியா தான் இருக்கோம், உங்க பேப்பர்ல இத பத்தி ஒரு செய்தி வந்தா எங்க மனுவுக்கு ஒரு பலம் கிடைக்கும்.

அதுக்கு முன்னாடி உடனே நீங்க செய்ய வேண்டியது, ஆசிட் குறிப்பு வந்த அதே பகுதில, அதே அளவு எழுத்துல, ஆசிட் போடாதீங்க, அலுமினிய ஃபாயிலும் தண்ணியும் மெழுகும் போதும்னு ஒரு திருத்தம் போடுங்க. மே மாச சீசனுக்கு வண்டிய எல்லாரும் துடைச்சு எடுக்க ஆரம்பிக்கிற நேரம் இது, அதுக்குள்ள வந்துட்டா நல்லதுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், டிங்கரிங் தொழிலாளி,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.